ஸ்பைடர்மேனின் வேகத்துக்குக் கடிவாளம் போட்டது யார் தெரியுமா?

டாக்டர் ஆக்டோபஸா, கிரேவனா, வெனமா? இந்த வில்லன்கள் மூவருமே இல்லை. ஒரு ஹார்ட் டிஸ்க்!

2018 செப்டம்பர் 7-இல் பிளேஸ்டேஷன் 4-க்கு வந்த 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன்' விளையாட்டில் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் வலை வீசிப் பறக்கலாம். அந்த நகரம் மொத்தமாக நினைவகத்துக்குள் அடங்காது. அதனால் ஊரைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருந்தார்கள். ஸ்பைடி ஒரு தெருவைத் தாண்டும்போது முன்னால் இருக்கும் தெரு வந்து சேரும், பின்னால் இருப்பது கழன்றுகொள்ளும். இதையெல்லாம் எடுத்துக் கொடுக்க வேண்டியது, சுழலும் தட்டின் மேல் அங்குமிங்கும் நகரும் ஒரு சின்னஞ்சிறு ஊசிக்கை. அந்தக் கையைவிட நாயகன் வேகமாகப் பறந்தால் எதிரே தெருவே இருக்காது! ஆகவே வானில் அவன் எவ்வளவு வேகமாகப் போகலாம் என்பதற்குக் கீழே சுழன்ற அந்தத் தட்டுதான் எல்லை வகுத்தது.

இன்னும் கேளுங்கள். கை அதிகம் அலையக்கூடாது என்பதற்காக, தபால்பெட்டி போன்ற சில்லறைப் பொருள்களை ஒவ்வொரு தெருவின் தரவோடும் மறுபடி மறுபடி எழுதி வைத்தார்கள். ஒரே புத்தகத்தை வீட்டின் எல்லா அறைகளிலும் ஒவ்வொரு பிரதி வைத்துக்கொள்வது போல. பிளேஸ்டேஷன் 5-இன் வடிவமைப்பாளர் மார்க் செர்னி 2020 மார்ச்சில் பேசியபோது இதை வெளிப்படையாகவே சொன்னார்: சில பொருள்கள் டிஸ்க்கில் 400 முறை இடம்பெற்றிருந்தனவாம். ஒரு தபால்பெட்டிக்கு 400 நகல்!

அந்த விளையாட்டில் தொலைவான இடத்துக்குச் சட்டென்று போக வேண்டுமென்றால் சுரங்க ரயில் காட்சி வரும். முகமூடியும் உடையுமாக ஸ்பைடர்மேன் சக பயணிகளோடு உட்கார்ந்திருப்பார். பார்த்துப் பார்த்துச் சிரித்தோமே, அந்த ரயில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் டிஸ்க் மூச்சிரைக்க அடுத்த பேட்டையை எடுத்துக்கொண்டிருந்தது. 2019 ஏப்ரலில் செர்னி பழைய கருவியையும் புதிய கருவியையும் ஒப்பிட்டுக் காட்டினார். பிளேஸ்டேஷன் 4 புரோவில் அந்தப் பயணத்துக்குச் சுமார் 15 விநாடி. சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. பொருத்திய புதிய கருவியில் 0.8 விநாடி.

2023 அக்டோபர் 20-இல் பிளேஸ்டேஷன் 5-க்கு வந்த 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் 2' இந்த விடுதலையின் மேல் கட்டப்பட்டது. கலிபோர்னியாவின் பர்பேங்க் நகரில் இருக்கும் இன்சோம்னியாக் கேம்ஸ்தான் இதையும் செய்தது. வரைபடத்தில் ஓர் இடத்தைத் தொட்டுப் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். திரை கறுக்காது, ரயில் வராது. அந்த இடத்தில் ஏற்கெனவே பறந்துகொண்டிருப்பீர்கள்! ஒரு ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரிலிருந்து இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் மொராலிஸுக்கு மாறுவதும் இப்படித்தான், கண் இமைக்கும் நேரத்தில். கைகளுக்கு அடியில் விரியும் வலைச் சிறகுகளும் சேர்ந்துகொண்டன. ஈஸ்ட் ஆற்றின் மேல் வலை ஒட்டக் கட்டடம் ஏது? சிறகை விரித்து, காற்றோட்டத்தில் ஏறி அக்கரை போக வேண்டியதுதான். வெளியான 24 மணி நேரத்தில் 25 லட்சம் பிரதிகள் விற்றன!

அக்கரையில் என்ன இருக்கிறது தெரியுமா? பீட்டரின் சொந்த வீடு! 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த இந்த நாயகன் பிறவியிலேயே நியூயார்க்கின் குயின்ஸ் பகுதிக்காரன். ஆனால் 2018 விளையாட்டிலும், 2020-இல் வந்த 'மைல்ஸ் மொராலிஸ்' விளையாட்டிலும் குயின்ஸே கிடையாது. நாயகன் தன் பேட்டைக்குப் போக மூன்றாவது விளையாட்டுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. குயின்ஸும் புரூக்ளினும் சேர்ந்ததில் வரைபடம் ஏறக்குறைய இரு மடங்கானது. கோனி தீவின் கேளிக்கைப் பூங்காவும் உண்டு.

வலை நிஜமாகவே கட்டடத்தில்தான் ஒட்ட வேண்டும் என்ற விதி எங்கிருந்து வந்தது? அதுவும் ஒரு 'ஸ்பைடர்மேன் 2'-தான்! 2004-இல் டிரேயார்க் நிறுவனம் அதே பெயர் கொண்ட திரைப்படத்தை ஒட்டி ஒரு விளையாட்டைச் செய்தது. 2002-இல் வந்த முந்தைய விளையாட்டில் வலை மேலே எதிலும் ஒட்டாமல் வெறும் வானத்தில் தொங்கும். வடிவமைப்பாளர் ஜேமி ஃபிரிஸ்ட்ரம் அதை ஏற்கவில்லை. வலை உண்மையான சுவரைப் பிடித்தது, ஊஞ்சலுக்கு எடையும் வேகமும் வந்தன. பீட்சாவைச் சிந்தாமல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையைக்கூட ஜனங்கள் ஆசை ஆசையாகச் செய்தார்கள். இன்றைக்கு இன்சோம்னியாக் கட்டியிருக்கும் கோபுரத்துக்கு அடித்தளம் அதுதான் என்பது என் தீர்மானமான கருத்து.

காதுக்கும் ஒரு வித்தை வைத்திருக்கிறார்கள். பீட்டருக்குக் குரல் கொடுக்கும் யூரி லோவென்தால் 2018 விளையாட்டுக்காக ஏராளமான வசனங்களை இரண்டு முறை பேசிப் பதிவு செய்தார். ஒன்று, சாவகாசமாக நிற்கும்போது. மற்றொன்று, மூச்சு வாங்க ஊஞ்சலாடும்போது. பேச்சின் நடுவில் நீங்கள் பாய்ந்தால் குரலும் சட்டென்று மாறிக்கொள்ளும்!

கட்டடத்துக்கும் ஒரு கதை உண்டு. 2018-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கிரைஸ்லர் கட்டடம் விளையாட்டில் இருந்தது. 2020-இல் வந்த 'மைல்ஸ் மொராலிஸ்' விளையாட்டில் காணோம். உரிமை பற்றிய பேச்சு கைகூடாததுதான் காரணம். அதே விளையாட்டில் ஓர் உணவகத்தின் எதிரே ஸ்டான் லீயின் சிலை நிற்கிறது. அவர் மறைந்தது 2018 நவம்பர் 12. விளையாட்டு வெளியானது 2020 நவம்பர் 12!

இவ்வளவு வேகத்தை வென்றெடுத்தவர்கள், விரும்பினால் அதைக் குறைத்துக்கொள்ளவும் வழி செய்திருக்கிறார்கள். இதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய அதிசயம். 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் 2'-இன் அமைப்புகள் பகுதிக்குப் போனால் விளையாட்டின் வேகத்தையே 70, 50, 30 சதவீதமாக இறக்கலாம். விரல்கள் விரைந்து இயங்காதவர்களும் ஸ்பைடர்மேனாகப் பறக்கலாம். காது கேளாத ஹெய்லி கூப்பர் என்ற பாத்திரமாகவே நாம் நடக்கும் ஒரு பணியும் உண்டு. நகரத்தின் இரைச்சல் மங்கி விடுகிறது, கைகள் சைகை மொழி பேசுகின்றன. ஹெய்லியாக நடித்த நடாஷா ஒஃபிலியும் காது கேளாதவரே.

ஹோவர்டை நினைவிருக்கிறதா? 2018-இல் தன் புறாக்களைப் பிடித்துத் தரச் சொன்ன அந்த வீடற்ற மனிதர். 'மார்வெல்ஸ் ஸ்பைடர்மேன் 2'-இல் அவர் மறுபடி ஓர் உதவி கேட்கிறார். புறாக்களுக்குப் புதிய இருப்பிடம் வேண்டும். வலைச் சிறகை விரித்து முன்னால் பறக்க வேண்டியது நீங்கள். சண்டை கிடையாது, வில்லன் கிடையாது. மணல் அரக்கன் சாண்ட்மேன் வானளாவ எழுந்து நிற்கும் ஆரம்பக் காட்சியைவிட இந்தச் சில நிமிடங்களைத்தான் நான் உயர்வாகச் சொல்வேன்.

2025 ஜனவரி 30 முதல் இந்த விளையாட்டு கணினிக்கும் வந்துவிட்டது. தொடங்கப் போகிறவர்கள் கதையை முடிக்கும் அவசரத்தில் ஹோவர்டைத் தாண்டிப் போய்விடாதீர்கள். வரைபடத்தில் அவர் பணி தென்பட்டதும் மற்ற வேலைகளை நிறுத்திவிட்டு முதலில் அங்கே போங்கள்.