கொதிநீர் ஊற்றினால் சாப்பாடு தயார்! கடன் வாங்கும் முன் தெரிந்துகொள்வோம்



சென்ற மாதம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். இயந்திரம் வாங்கப் பெரிய தொகை கடன் கேட்டுத் தீர்மானம் எழுதி வைத்திருந்தார்கள். "மலையேறப் போறவங்களுக்கு சாப்பாட்டைக் காயவைச்சு பாக்கெட் போடலாமாம். சுடுதண்ணி ஊத்தினா பழையபடி சாதமாயிடுமாம். மெஷின் விக்கிறவங்களே சரக்கையும் எடுத்துக்குவாங்களாம்" என்றார் ஊக்குநர். கையெழுத்துப் போடும் முன் ஒரு வாரம் பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டு, விவரங்களைச் சேகரித்தோம். அதை எல்லாக் குழுக்களுக்கும் சொல்கிறோம்.

இது என்ன சாப்பாடு?

பல நாள் மலையில் நடப்பவர்கள் சாப்பாட்டையும் முதுகில்தான் சுமக்க வேண்டும். 1 கிலோ சாதத்தில் ஏறக்குறைய 700 கிராம் தண்ணீர்தான். அதை எடுத்துவிட்டால் சுமை மூன்றில் ஒரு பங்காகிவிடும். 1969-ல் நிலவுக்குப் போனவர்களும் இப்படி உலர்த்திய உணவைக் கொண்டுபோனார்கள்.

முறை பழையதுதான். தென் அமெரிக்காவில் பெரு, பொலிவியா நாடுகளின் மலைவாசிகள் உருளைக்கிழங்கை இரவுப் பனியில் பரப்பி உறைய விடுவார்கள். பகலில் காலால் மிதித்துத் தண்ணீரைப் பிழிந்து வெயிலில் காயவைப்பார்கள். அதற்கு 'சுன்யோ' என்று பெயர். வருடக்கணக்கில் கெடாது.

இயந்திரம் என்ன செய்கிறது?

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே கரைந்து காற்றோடு போய்விடுகிறது அல்லவா? இங்கே பனிக்கட்டி அப்படிப் போகிறது. சமைத்த உணவை முதலில் கட்டியாக உறைய வைக்கிறார்கள். பிறகு பெட்டிக்குள் இருக்கும் காற்றை பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்து, லேசாகச் சூடு கொடுக்கிறார்கள். பனிக்கட்டி தண்ணீராகாமல் நேராக ஆவியாகிவிடுகிறது.

நம்ம வத்தல் வெயிலில் சுருங்கி இறுகிவிடும். இதுவோ சுருங்காது. தண்ணீர் இருந்த இடம் சின்னச் சின்ன ஓட்டைகளாக, பஞ்சு மாதிரி நிற்கும். அதனால்தான் கொதிநீர் ஊற்றியதும் சில நிமிடத்தில் பழையபடி ஆகிறது.

கவனிக்க வேண்டியவை

உலர்த்துவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. தண்ணீர் இல்லாததால் பெருகாமல் இருக்கின்றன, அவ்வளவுதான். ஆகவே சமைக்கும்போதே சுத்தம் வேண்டும். தண்ணீர் ஊற்றிய பிறகு புதிதாகச் சமைத்த சாப்பாடு போல உடனே சாப்பிட்டுவிட வேண்டும். எண்ணெய் அதிகமானால் சிக்கு வாடை வரும். சாதாரண பிளாஸ்டிக் கவர் போதாது. ஈரமும் காற்றும் புகாத அலுமினியத் தாள் பை வேண்டும். உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ இல்லாமல் விற்கக் கூடாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

சிறிய இயந்திரமே சில லட்சம் ரூபாய் ஆகிறது. ஒரு ஈடு முடிய ஒரு நாளைக்கு மேலாகும். அதுவரை கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10 கிலோ தக்காளி போட்டால் கையில் கிடைப்பது சுமார் 600 கிராம். தக்காளி விலை, கரண்ட் பில், பை, கடன் தவணை, நம்ம கூலி எல்லாம் அந்த 600 கிராமில்தான் வர வேண்டும். வாங்க ஆள் இருந்தால் இது நல்ல தொழில். ஆள் இல்லையென்றால் தவணை மட்டும் மாதாமாதம் வரும்.

ஆகவே தீர்மானம் எழுதும் முன் கேளுங்கள்:

1. சரக்கை எடுத்துக்கொள்வோம் என்பதை, என்ன விலை, எவ்வளவு நாள் என்று முத்திரைத்தாளில் எழுதித் தருவார்களா?
2. இதே இயந்திரத்தை முன்பு வாங்கிய குழுவை நேரில் பார்க்க முடியுமா?
3. பழுதானால் யார் வருவார்கள்? எத்தனை நாளில்?
4. தஞ்சாவூரில் உள்ள மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் விசாரித்தோமா?

மலையேறுபவர்களுக்கு விற்க இந்த இயந்திரம்தான் வேண்டும் என்பதில்லை. பருப்புப் பொடி, சத்துமாவு, புளியோதரைப் பொடி, கடலை மிட்டாய் இவையும் கனமில்லாத, சீக்கிரம் கெடாத பண்டங்கள்தான். இவை நமக்குக் கை வந்தவை. முதலில் இவற்றை விற்றுச் சந்தையைப் பிடித்த பிறகு பெரிய இயந்திரம் பற்றி யோசிக்கலாம்.

அந்தக் குழுவினர் முதல் கேள்வியைக் கேட்டார்கள். "எழுதி எடுத்துட்டு வர்றேன்" என்று சொல்லிப் போன ஏஜெண்ட் இன்னும் வரவில்லை. சேமிப்பு குழுவிலேயே பத்திரமாக இருக்கிறது.