பளபளப்பை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

குளியலறைச் சுவரிலிருந்து கெய்சருக்குப் போகும், வெள்ளிபோல் மின்னும் ஒன்றரை அடி இணைப்புக் குழாயை நாம் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆனால் பொங்கலுக்கு ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் அது வெடித்தால் வீடு குளமாகும். கீழ் வீட்டுக் கூரையும் ஒழுகும். கொண்டாப்பூர் அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நம் சங்க அன்பர்களுக்காக, ரயில்வேயில் ஹோஸ் பைப்புகளோடு பழகியவன் என்ற முறையில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

இந்தக் குழாய்க்கு இரண்டு பகுதிகள்: உள்ளே ரப்பர், வெளியே கம்பிப் பின்னல். தண்ணீரை வெளியே விடாமல் காப்பது ரப்பர். அந்த ரப்பர் உப்பி வெடிக்காமல் பிடித்து வைப்பது பின்னல். பின்னலால் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீரையும் தடுக்க முடியாது. அமெரிக்காவில் வீட்டிலேயே பியர் காய்ச்சுபவர்கள் உள் ரப்பரை உருவி எறிந்துவிட்டு, வெறும் பின்னலை வெந்நீரில் ஊறவைத்த மால்ட் தானியத்துக்கு வடிகட்டியாகவே பயன்படுத்துகிறார்கள்! ஆகவே இரண்டில் ஒன்று கெட்டாலும் குழாய் கெட்டதுதான்.

தண்ணீர் 10 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். பத்து மாடிக் கட்டடத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகத் தரைத்தளத்துக்கு வந்தால் 3 கிலோ. இரவில் எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது இந்த அழுத்தம் முழுவதும் குழாயின் மேல் நிற்கும். கீழ்த்தளங்களில் இருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

நம் பகுதியில் இன்னொரு எதிரியும் உண்டு. போர்த் தண்ணீரும் கோடையில் வரும் டாங்கர் தண்ணீரும் பெரும்பாலும் உப்புத் தண்ணீர். டைல்ஸில் படியும் வெள்ளைக் கறையைப் போக்க ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம். அந்த ஆசிட் புகை நல்ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பின்னலையும் அரித்துவிடும். முதலில் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். பிறகு கம்பிகள் ஒவ்வொன்றாக அறும். அந்த இடத்தில் ரப்பர் பிதுங்கும். புள்ளி கண்டவுடனே மாற்றிவிடுங்கள். கறைக்கு வினிகரோ எலுமிச்சைச் சாறோ போதும்.

கடையில் வாங்கும்போது, பின்னல் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலா என்று கேளுங்கள். காந்தம் பலமாக ஒட்டினால் அது சாதாரண இரும்பாக இருக்கலாம். லேசாக ஒட்டினால் பயமில்லை. 304 கம்பியும் இழுத்து மெலிதாக்கும்போது சிறிது காந்தத் தன்மை பெறும். அறவே ஒட்டாவிட்டாலும் உடனே நம்பிவிட வேண்டாம். வெள்ளி நிறம் பூசிய பிளாஸ்டிக் இழையிலும் காந்தம் ஒட்டாது! முனை நட்டு பித்தளையாக இருக்கட்டும். கெய்சருக்கு, சுடுதண்ணீருக்கு என்று குறிப்பிட்ட குழாயையே வாங்குங்கள்; பி.வி.சி. உட்குழாய் சூட்டில் இளகும். மாட்டும்போது முறுக்கவோ மடக்கவோ கூடாது.

தண்ணீர்க் குழாயை ஒருபோதும் சமையல் காஸுக்கு மாட்டாதீர்கள். காஸுக்கு ஆரஞ்சு நிற 'சுரக்ஷா' குழாய் தனியாக இருக்கிறது. அதில் கம்பிப் பின்னல் ரப்பருக்குள்ளேயே மறைந்திருக்கும். ஐ.எஸ். 9573 என்ற எண்ணும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். 5 வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கசிவு இருக்கிறதா என்று சோப்பு நீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி வேண்டவே வேண்டாம். காஸ் கசிந்தால் உதவிக்கு அழைக்க வேண்டிய எண் 1906.

ரயில் பெட்டிகளை இணைக்கும் பிரேக் ஹோஸில் 5 கிலோ காற்றழுத்தம் இருக்கும். பார்க்கப் புதிதுபோல் இருந்தாலும், ஆயுள் முடிந்த ஹோஸை வண்டியில் விடமாட்டோம். ரப்பருக்கு வயதாவது வெளியே தெரியாது என்பதே காரணம். வீட்டிலும் இதே வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். மாட்டிய தேதியை ஒரு சிறு சீட்டில் எழுதிக் குழாயில் கட்டிவிடுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்ப்பதற்கு முன், தண்ணீர் மெயின் வால்வையும் காஸ் ரெகுலேட்டரையும் மூடிவிடுங்கள். ஒரு நிமிட வேலைதான். ஊரில் நிம்மதியாகப் பொங்கல் சாப்பிடலாம்.