திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள்



ஜூலை 15 காமராஜர் பிறந்தநாள். 2006 முதல் தமிழ்நாடு முழுவதும் இதைக் கல்வி வளர்ச்சி நாளாகக் கொண்டாடுகிறோம். இந்த வருஷம் எங்க வகுப்பில் பேச்சுப் போட்டிக்குப் பதிலா மாறுவேடம். “நாளைக்கு நம்ம வகுப்பு, 200 வருஷத்துக்கு முந்தைய திண்ணைப் பள்ளிக்கூடம்” என்று டீச்சர் சொல்லிவிட்டார்கள்.

பையன்கள் வேட்டி கட்டி, கறுப்புத் துணியில் குடுமி வைத்து வந்தார்கள். நாங்க பாவாடை, தாவணி. பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வராந்தாவில் தேரி மணலைப் பரப்பினோம்.

முதலில் வந்தால் மரியாதை

1823-ல் பெல்லாரி கலெக்டராக இருந்த கேம்ப்பெல் எழுதி வைத்தது இது. முதலில் வருகிற பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்களாம். இரண்டாவதாக வந்தால் பூஜ்யம். மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி, நான்காவது ஆளுக்கு இரண்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகும்! (நாங்க பிரம்புக்குப் பதில் ஈர்க்குச்சி வைத்துக்கொண்டோம்.)

மணலும் ஓலையும்

சின்னப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவார்கள். பிறகுதான் பனை ஓலை, எழுத்தாணி. நன்றாகப் படிக்கிற பெரிய பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லித் தருவான்.

1789-ல் சென்னை எழும்பூரில் சிறுவர் இல்லப் பள்ளியை நடத்த வந்தவர் ஆண்ட்ரூ பெல். நம் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அதைக் கொண்டு வந்தார். பெரியவன் சின்னவனுக்குச் சொல்லித் தரும் முறை பற்றி 1797-ல் புத்தகமும் எழுதினார். இங்கிலாந்தில் அதற்குப் பேரே ‘மெட்ராஸ் முறை’!

ஓலையில் நாங்களும் எழுதிப் பார்த்தோம். ‘க்’ எழுதிப் புள்ளி வைத்ததும் ஓலை பொத்துப்போச்சு. அந்தக் காலத்தில் பெரும்பாலும் புள்ளி வைக்காமலே எழுதியது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

நான் வெளியே நின்றேன்

அப்புறம் டீச்சர் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டார்கள். 1822-ல் சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். மொத்தம் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் 4,540 பேர்தான். அதாவது 41 பேருக்கு ஒரு பெண்! ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கும் பெரும்பாலான திண்ணைகளில் இடம் கிடையாது.

எங்க வகுப்பில் சரியாக 41 பேர். “அப்போ ஒரு பொண்ணு மட்டும் உள்ளே இருக்கலாம்” என்று டீச்சர் சீட்டுக் குலுக்கினார்கள். என் பேர் வரவில்லை. இடுப்பில் குடத்தோடு வேப்பமரத்தடியில் நின்றேன். உள்ளே எல்லாரும் ராகம் போட்டு வாய்ப்பாடு சொன்னார்கள். எனக்கும் 16-ஆம் வாய்ப்பாடு தெரியும்; யாரும் கேட்கவில்லை. விளையாட்டுக்குத்தான்னு தெரிந்தும் அழுகை வந்துட்டு. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் எங்களை உள்ளே கூப்பிட்டார்கள்.

சாயங்காலம் ஆச்சியிடம் சொன்னேன். ஆச்சி சின்ன வயசிலேயே உப்பளத்துக்கு வேலைக்குப் போனவள். “நீ அரை நாளு நின்னதுக்கா அழுத? பள்ளிக்கூடத்துல சோறு போட்டாவதான். ஆனா தம்பி, தங்கச்சியை யாரு பாப்பா? நான் இன்னும் வெளியேதாம்ட்டி நிக்கேன்” என்றாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் மிச்சத் தேரி மணலை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுளகில் பரப்பினேன். உப்பில் வெடித்த அந்த விரலைப் பிடித்து ‘அ’ போட வைத்தேன். “கூசுதுட்டி” என்று சிரித்தாள். இப்போது ‘ஈ’ வரைக்கும் வந்துவிட்டாள். நான்தான் சட்டாம்பிள்ளை!

நண்பர்களே, உங்க வீட்டிலும் கைநாட்டு வைக்கிறவங்க இருந்தால் ஒரு பிடி மணல் கொண்டுபோங்க. அது போதும்.

— 9-ஆம் வகுப்பு மாணவி