கறுக்காத பச்சை

1903 ஜனவரி. டெல்லி செங்கோட்டையில் பெரிய நடன விருந்து. இங்கிலாந்தில் ஏழாம் எட்வர்டு முடிசூடியதைக் கொண்டாட நடந்த தர்பாரின் ஒரு பகுதி அது. வைஸ்ராய் கர்சனின் மனைவி மேரி கர்சன் அன்று அணிந்துவந்த கவுனில் மயிலிறகுகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து கிடந்தன.

மயில் கொடுத்த இறகுகள் அல்ல. டெல்லிக் கைவினைஞர்கள் மெல்லிய துணியில் பொன், வெள்ளிச் சரிகையால் இழைத்தவை. அந்தத் துணி பாரிஸுக்குப் போய், வொர்த் என்ற தையலகத்தில் கவுனாக மாறியது. எடை சுமார் நாலரை கிலோ! ஒவ்வொரு இறகின் கண்ணிலும் பச்சையாக ஒன்று மின்னியது. தூரத்தில் இருந்தவர்கள் மரகதம் என்றே நினைத்தார்கள்.

அது வண்டின் சிறகு. தீப்பெட்டியில் வளர்ப்பார்களே, பொன்வண்டு, அதே குடும்பம். முதுகை மூடியிருக்கும் கெட்டியான மேல்சிறகைத்தான் வைத்துத் தைத்திருந்தார்கள்.

இன்று அந்த உடை இங்கிலாந்தின் கெடில்ஸ்டன் மாளிகையில் இருக்கிறது. சரிகை மங்கிவிட்டது. பாட்டியின் பழைய பட்டுப்புடவையில் சரிகை கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே கதைதான். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களோடு வெள்ளி சேர்ந்தால் கறுப்பான வெள்ளி சல்ஃபைடு உண்டாகும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வண்டுச் சிறகின் பச்சை அப்படியே மின்னுகிறது. எனக்கு இதைவிட அழகான அறிவியல் செய்தி வேறில்லை!

எப்படி? சாயம் என்றால் வெயில் அதன் மூலக்கூறுகளைச் சிதைக்கும், நிறம் வெளுக்கும். வண்டின் பச்சை சாயமே அல்ல. அதன் சிறகின் மேற்பரப்பில் மிக மிக மெல்லிய அடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் அடுக்கிலும் பட்டு ஒளி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. திரும்பும் அலைகளில் பச்சை அலைகள் மட்டும் ஒன்றோடொன்று இசைந்து வலுக்கின்றன. அடுக்கு குலையாதவரை நிறமும் போகாது.

இன்னொரு வியப்பு: அந்தக் கைவினைஞர்கள் பின்பற்றிய மயிலும் இதே வித்தையைத்தான் செய்கிறது! மயிலிறகின் நுண்ணிய இழைகளுக்குள் மெலனின் குச்சிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நம் தலைமுடியைக் கறுப்பாக்கும் அதே மெலனின்தான். குச்சிகளுக்கு இடையே சுமார் 140 நானோமீட்டர் தூரம் இருந்தால் நீலம் தெரியும். சற்றுக் கூடினால் பச்சை, இன்னும் கூடினால் மஞ்சள். நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய இடைவெளி மாறினாலே நிறம் மாறிவிடுகிறது.

தானாக உதிர்ந்த மயிலிறகு கிடைத்தால் மெல்லச் சாய்த்துப் பாருங்கள், நிறம் மாறும். பிறகு ஜன்னல் வெளிச்சம் இறகின் பின்பக்கமிருந்து ஊடுருவி வரும்படி பிடியுங்கள். இப்போது ஒளி திரும்பவில்லை, கடந்து வருகிறது. நீலமும் பச்சையும் மங்கி, இறகு பழுப்பாகத் தெரியும். அந்தப் பழுப்புதான் மெலனினின் சொந்த நிறம்.