அமெரிக்காவில் "மஞ்சள் கடுதாசி" தேடுவது எப்படி?

கடனைக் கட்ட முடியாமல் ஒருவர் கையை விரித்துவிட்டால், நம் ஊரில் "ஐ.பி. கொடுத்துவிட்டார்" என்பார்கள். கிராமத்துப் பக்கம் போனால் "மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்" என்பார்கள். வீட்டில் கம்ப்யூட்டர் வந்த பிறகு ஐ.பி. என்றால் நமக்கு இன்டர்நெட் முகவரிதான் ஞாபகம் வருகிறது. இந்தக் கட்டுரை பழைய ஐ.பி.யைப் பற்றியது. அதுவும் அமெரிக்க ஐ.பி.!

"அது நமக்கு எதற்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். உங்கள் பிள்ளையோ தம்பியோ அமெரிக்காவில் இருந்தால், ஒருநாள் இது கட்டாயம் உதவும். எனக்கு உதவியது. சரியாகச் சொன்னால், என் அக்கா மகனுக்கு உதவியது.

மாமா, பணத்தைக் கட்டிடவா?

அக்கா மகன் டெக்சாஸ் மாநிலத்தில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் ஃபோர்ட் பெண்ட் கவுன்டியில் வீடு வாங்கியிருக்கிறான். கவுன்டி என்பது ஏறக்குறைய நம் மாவட்டம் மாதிரி. 2024 ஜூலையில் அந்தப் பகுதியைத் தாக்கிய பெரில் புயலில் அவன் வீட்டுக் கூரை சேதமாகிவிட்டது. மழை வந்தால் ஹாலில் பக்கெட் வைக்க வேண்டிய நிலைமை.

கூரை போட ஒரு கான்ட்ராக்டர் வந்தார். மொத்தம் 18,000 டாலர். பாதியை, அதாவது 9,000 டாலரை, முன்பணமாகக் கேட்டார். பேச்சு இனிமையாக இருந்திருக்கிறது. ஆனால் பக்கத்து வீட்டுக்காரர், "அவர் வேறு ஊரில் திவால் ஆனவர் என்று கேள்வி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

எனக்கு இரவு பத்தரை மணி, அவனுக்குப் பகல் பன்னிரண்டு. போன் செய்தான். "மாமா, கவுன்டி கிளர்க் வெப்சைட்டில் அவர் பெயரைப் போட்டுத் தேடிப் பார்த்துட்டேன். ஒண்ணுமே வரலை. பணத்தைக் கட்டிடவா?"

"கட்டாதே. நீ தேடிய இடமே தப்பு" என்றேன்.

கவுன்டியில் ஏன் கிடைக்காது?

புதிதாகத் தேடுகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறு இது. டெக்சாஸில் கவுன்டி கிளர்க் அலுவலகத்தில் நிலப் பத்திரங்கள், திருமணப் பதிவுகள், கடைப்பெயர்ப் பதிவுகள் இருக்கும். திவால் வழக்கு அங்கே இருக்காது. அமெரிக்காவில் திவால் என்பது மத்திய அரசின் சட்டம். கவுன்டி கோர்ட்டிலோ மாநிலக் கோர்ட்டிலோ அந்த மனுவைப் போட முடியாது. ஃபெடரல் கோர்ட்டில்தான் போட வேண்டும்.

ஃபெடரல் கோர்ட்டுகளுக்காக நாட்டை 94 பகுதிகளாகப் பிரித்திருக்கிறார்கள். டெக்சாஸில் 254 கவுன்டிகள் இருக்கின்றன. ஆனால் ஃபெடரல் பகுதிகள் நான்குதான். ஃபோர்ட் பெண்ட் கவுன்டி, டெக்சாஸ் தெற்குப் பகுதியில் ஹூஸ்டன் பிரிவில் வருகிறது. நியூ ஜெர்சியில் 21 கவுன்டிகள் இருந்தாலும் மாநிலம் முழுவதுமே ஒரே பகுதி. உங்கள் உறவினரின் கவுன்டி எந்தப் பகுதியில் வருகிறது என்று பார்க்க, யுஎஸ்கோர்ட்ஸ் டாட் ஜிஓவி என்ற தளத்தில் "கோர்ட் ஃபைண்டர்" என்ற வசதி இருக்கிறது.

இன்னொரு விஷயம். ஒருவர் மனு போடுவதற்கு முந்தைய 180 நாட்களில் அதிக காலம் எங்கே குடியிருந்தாரோ, பொதுவாக அந்தப் பகுதிக் கோர்ட்டில்தான் மனு போடுவார். ஐந்து வருடம் முன்பு வேறு மாநிலத்தில் இருந்தவரின் வழக்கு அங்கேதான் கிடக்கும். எனவே ஒரே ஒரு ஊரில் தேடிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது.

பேசர் என்னும் சாவி

இந்த 94 பகுதிகளின் பதிவுகளையும் வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க ஒரு வசதி இருக்கிறது. அதன் பெயர் பேசர். ஆங்கிலத்தில் பி, ஏ, சி, இ, ஆர் என்ற ஐந்து எழுத்துகள். 1988-ல் தொடங்கி, 2001-ல் இன்டர்நெட்டுக்கு வந்தது. அமெரிக்க ஃபெடரல் நீதித்துறையே இதை நடத்துகிறது. வக்கீலாக இருக்க வேண்டியதில்லை; யார் வேண்டுமானாலும் கணக்கு தொடங்கலாம்.

பிரௌசரைத் திறந்து, அட்ரஸ் பாரில் பேசர் டாட் யுஎஸ்கோர்ட்ஸ் டாட் ஜிஓவி என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். கணக்கு தொடங்கும் பக்கத்தில் பல வகைகள் இருக்கும். வழக்குகளைத் தேட மட்டும் என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள். பெயர், முகவரி, இமெயில் கொடுத்து யூசர் நேம், பாஸ்வேர்டு அமைத்துக்கொள்ளுங்கள். கிரெடிட் கார்டு எண் கொடுத்தால் கணக்கு உடனே இயங்கும். கொடுக்க விருப்பமில்லை என்றால் தபாலில் ஒரு குறியீடு வரும் வரை காத்திருக்க வேண்டும். அக்கா மகனுக்கு அவசரம், கார்டைக் கொடுத்தான்.

தேடும் முறை

1. உள்ளே நுழைந்ததும் "கேஸ் லொக்கேட்டர்" என்ற பகுதிக்குப் போங்கள். இது நாடு முழுவதற்குமான அட்டவணை. எந்த மாநிலம் என்று தெரியாவிட்டாலும் இதில் தேடலாம்.

2. எல்லா வழக்குகளும் வேண்டாம். திவால் வழக்கு என்ற வகையை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

3. ஆளின் பெயர் என்றால் குடும்பப் பெயரை ஒரு கட்டத்திலும், முதல் பெயரை இன்னொரு கட்டத்திலும் கொடுங்கள். கம்பெனி என்றால் குடும்பப் பெயர்க் கட்டத்திலேயே கம்பெனி பெயரைக் கொடுக்கலாம். பெயரின் கடைசியில் வரும் எல்எல்சி, இங்க் போன்றவற்றை விட்டுவிடுங்கள்.

4. இரண்டையும் தேடுங்கள். முதலாளி பெயரில் ஒரு தடவை, கம்பெனி பெயரில் ஒரு தடவை. பலர் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள்.

இந்த அட்டவணை இரவில்தான் புதுப்பிக்கப்படும். இன்று காலை போட்ட மனு இன்று மாலை இதில் இருக்காது. மிகப் புதிய மனு வேண்டுமென்றால் அந்தப் பகுதிக் கோர்ட்டின் தளத்திலேயே, அதே யூசர் நேம் கொண்டு தேட வேண்டும்.

பெயர் கிடைத்தால் ஆள் கிடைத்துவிட்டாரா?

கம்பெனி பெயரில் ஒன்றும் வரவில்லை. முதலாளி பெயரில் இரண்டு வழக்குகள் வந்தன. "மாட்டினார் மாமா!" என்று குதித்தான். "பொறு" என்றேன்.

நம் ஊரில் ஒரே தெருவில் மூன்று முருகேசன்கள் இருப்பது போல அங்கேயும் ஒரே பெயரில் பலர் உண்டு. அவசரப்பட்டு ஒரு நல்ல மனிதரைத் திவால் ஆனவர் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. வழக்கைத் திறந்து நடுப்பெயர், முகவரி, மனுவில் உள்ள தொழில் விவரம் ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அமெரிக்கர்களின் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கங்கள் மட்டுமே பொதுப் பார்வைக்கு இருக்கும்.

முதல் வழக்கு 2009-ம் வருடத்தியது. நடுப்பெயரே வேறு. இவர் அவர் இல்லை. இரண்டாவது வழக்கு பக்கத்து மாநிலத்தில், மூன்று வருடம் முன்பு போட்டது. கான்ட்ராக்டரின் விசிட்டிங் கார்டில் "முன்பு இந்த ஊரில்" என்று பெருமையாகப் போட்டிருந்த அதே ஊர்.

வழக்கைத் திறந்தால் முதலில் வருவது டாக்கெட் எனப்படும் வரிசைப் பட்டியல். எந்தத் தேதியில் என்ன தாக்கல் ஆனது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் இருக்கும். எண் 1 பெரும்பாலும் மூல மனு. அதில் கடந்த 8 வருடங்களில் அவர் பயன்படுத்திய மற்றப் பெயர்களை எழுதியாக வேண்டும். அதோடு வரும் நிதி விவர அறிக்கையில், முந்தைய 4 வருடங்களில் அவர் நடத்திய தொழில்களையும் சொல்ல வேண்டும். அங்கே ஒரு கூரை கம்பெனியின் பெயர் இருந்தது. இப்போதைய கம்பெனிக்கும் அதற்கும் ஒரே ஒரு சொல்தான் வித்தியாசம்.

எந்தத் தள்ளுபடி?

டாக்கெட்டை மேலிருந்து கீழாகப் படித்த அக்கா மகன், "மாமா, டிஸ்மிஸ்டுன்னு போட்டிருக்கு. கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சு. அப்போ அவர்மேல தப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?" என்றான்.

இந்த இடத்தில்தான் நன்றாகப் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். தமிழில் தள்ளுபடி என்ற ஒரே சொல்லை இரண்டு விதமாகச் சொல்கிறோம். மனு தள்ளுபடி வேறு, கடன் தள்ளுபடி வேறு.

டிஸ்சார்ஜ் என்றால் கடன் தள்ளுபடி. கோர்ட் சொன்னதைச் செய்து முடித்தார், சட்டம் அனுமதிக்கும் கடன்களிலிருந்து விடுதலை பெற்றார் என்று பொருள். டிஸ்மிஸ் என்றால் மனு தள்ளுபடி. கேட்ட விடுதலை கிடைக்காமலே வழக்கு முடிந்துவிட்டது. கடன்கள் அப்படியே நிற்கின்றன. குளோஸ்டு என்றால் கோப்பு மூடப்பட்டது, அவ்வளவுதான். எப்படி முடிந்தது என்று அதற்கு முந்தைய வரிகளைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எந்த சாப்டர் என்பதையும் பாருங்கள். சாப்டர் 7 என்றால், சட்டம் விட்டுவைக்கும் பொருட்கள் போக மற்றதை விற்றுக் கடன்காரர்களுக்குப் பங்கிடுவது. சாப்டர் 13 என்றால், வருமானம் உள்ள தனிநபர் 3 முதல் 5 வருடங்களில் தவணையாகக் கட்டுவது. சாப்டர் 11-ஐப் பெரும்பாலும் கம்பெனிகள் தொழிலை நடத்திக்கொண்டே கடனைச் சீரமைக்கப் பயன்படுத்துகின்றன.

நம் கான்ட்ராக்டர் போட்டது சாப்டர் 13. தவணை கட்டவில்லை என்று மனு தள்ளுபடி ஆகியிருந்தது. கடைசியாக, கடன்காரர்கள் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். வங்கி, கிரெடிட் கார்டுகளுக்குக் கீழே ஒன்பது பேர் சாதாரண வீட்டுக்காரர்கள். ஒவ்வொருவருக்கும் எதிரே கூரை வேலைக்கு வாங்கிய முன்பணம். சற்று நேரம் அவனிடமிருந்து சத்தமே இல்லை.

பில் எவ்வளவு வந்தது?

பேசரில் பக்கத்துக்கு 10 சென்ட். ஓர் ஆவணம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதிகபட்சம் 3 டாலர். ஆனால் பெயர்த் தேடலுக்கு இந்த உச்சவரம்பு கிடையாது. தேடி ஒன்றும் கிடைக்காவிட்டாலும் ஒரு பக்கக் கட்டணம் உண்டு. மனுக்களைத் திறக்கும் முன் எத்தனை பக்கம், எவ்வளவு கட்டணம் என்று திரையில் காட்டும். பார்த்துவிட்டு கிளிக் செய்யுங்கள்.

நாங்கள் செய்தது இரண்டு தேடல்கள், 20 சென்ட். முதல் வழக்கின் டாக்கெட் 3 பக்கம், 30 சென்ட். இரண்டாவது டாக்கெட் 5 பக்கம், 50 சென்ட். இணைப்புகளோடு மனு 52 பக்கம், ஆனால் 3 டாலர்தான். ஆக மொத்தம் 4 டாலர். அதையும் கட்ட வேண்டியதில்லை! மூன்று மாதக் காலாண்டில் 30 டாலர் வரை ஆனால் கட்டணமே இல்லை.

இலவச வழிகளும் உண்டு. கோர்ட் அலுவலகத்துக்கு நேரில் போனால் அங்குள்ள கம்ப்யூட்டரில் காசில்லாமல் பார்க்கலாம். பிரிண்ட்டுக்கு மட்டும் கட்டணம். திவால் கோர்ட்டுகளில் போன் மூலம் அடிப்படை விவரம் சொல்லும் தானியங்கி வசதியும் இருக்கிறது. கோர்ட்லிசனர் என்ற தளத்தில், ரீகேப் என்ற பிரௌசர் இணைப்பு மூலம் மற்றவர்கள் பகிர்ந்த ஆவணங்கள் இலவசமாகக் கிடைக்கும். எல்லா வழக்குகளும் அதில் இருக்காது.

ஓர் எச்சரிக்கை. கூகுளில் தேடினால் "திவால் ரிக்கார்டு உடனே" என்று பணம் கேட்கும் தனியார் தளங்கள் வரும். முகவரி ஜிஓவி என்று முடிகிறதா என்று பார்த்த பிறகே கார்டு எண்ணைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று

திவால் என்பது குற்றம் அல்ல. ஆஸ்பத்திரிச் செலவாலும் வேலை போனதாலும் மனு போட்டு, நாணயமாகத் தவணை கட்டி மீண்டவர்கள் ஏராளம். பதிவில் பெயர் இருக்கிறது என்பதற்காக யாரையும் ஒதுக்காதீர்கள். என்ன கடன், யாருக்குக் கடன், எப்படி முடிந்தது என்ற மூன்றையும் படித்துவிட்டு முடிவெடுங்கள்.

அக்கா மகன் முன்பணம் கொடுக்கவில்லை. வேலை முடிந்த அளவுக்குப் பணம் வாங்கிக்கொள்ளச் சம்மதித்த வேறொருவரை வைத்துக் கூரையை மாற்றிவிட்டான். அன்றிரவு போனை வைக்கும் முன் அவன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "மாமா, அடுத்த தடவை அவர் மனு போட்டா, அந்தப் பட்டியல்ல பத்தாவது பேரு என்னோடதா இருந்திருக்கும்."

அக்கா மறுநாள் காலையில் வந்தாள். "ராத்திரி முழுக்க அந்தப் பெட்டி முன்னாடி உட்கார்ந்து என்னடா செய்தே?" என்றாள். ஒன்பதாயிரம் டாலரை ரூபாயில் கணக்குப் போட்டுச் சொன்னேன். அன்று காபியை அவளே போட்டுக் கொடுத்தாள்.