புற்றுநோயும் சிரிப்பும்

யமன் வாசலில் வந்து நிற்கும்போது சிரிக்கலாமா? அந்தச் சிரிப்புக்காகக் காசு கொடுத்து டிக்கட் வாங்கலாமா? 2011-ஆம் வருஷம் செப்டம்பரில் '50/50' என்னும் அமெரிக்கப் படம் வெளிவந்தபோது, அந்நாட்டு விமரிசகர்கள் பலரும் இந்தக் கேள்வியுடனேதான் கொட்டகைக்குள் நுழைந்தார்கள்.

கதை ஸியாட்டில் நகரத்தில் நடக்கிறது. கதாநாயகன் ஆடம் ரேடியோ நிலையத்தில் வேலை பார்க்கும் 27 வயது வாலிபன். சிகரெட்டைத் தொடாதவன். விடியற்காலையில் ஓட்டப் பயிற்சிக்குப் போனால், வண்டி ஒன்றுகூட வராத வீதியிலும் சிவப்பு விளக்கு மாறும் வரை காத்து நிற்கும் பரம சாது! அவனுடைய முதுகெலும்பில் புற்றுநோய். டாக்டரோ அவன் முகத்தை ஏறிட்டும் பாராமல், ஒலிப்பதிவுக் கருவியிடம் பேசுவது போல் விஷயத்தைச் சொல்லி முடிக்கிறார். அவன் பிழைப்பதும் பிழைக்காததும் பாதிக்குப் பாதி. படத்தின் பெயருக்குப் பொருள் அதுவே.

போனவர்களில் பெரும்பாலோர் சிரித்துவிட்டுத்தான் வெளியே வந்தார்கள். விமரிசனங்களைத் திரட்டிக் கணக்கிடுவோர் 100-க்கு 90-க்கு மேல் பாராட்டு என்று கண்டார்கள். காரணம் வெகு எளிது. கதை எழுதிய வில் ரைஸர் தாமே இளம் வயதில் முதுகுத் தண்டில் கட்டி வந்து பிழைத்தவர். அப்போது அருகிலிருந்த நண்பர் ஸெத் ரோகன்தான் படத்திலும் நண்பன் கைல் ஆக நடிக்கிறார். நோயாளியே தன் நோயைக் கேலி செய்யும்போது, நாம் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பது மரியாதையா என்ன? 'நேஷனல் போர்டு ஆப் ரெவ்யூ' சங்கத்தார் ரைஸருக்கு அவ்வருஷத்தின் சிறந்த சொந்தக் கதை வசனத்துக்கான பரிசை அளித்தார்கள். ஆடமாக நடித்த ஜோஸப் கார்டன்-லெவிட்டின் பெயர் கோல்டன் குளோப் பரிசுக்குச் சிபாரிசாயிற்று. கண்ணீரைப் பிழிந்தெடுக்காமல் அடக்கமாக அவர் நடித்ததை மெச்சாதவர் குறைவு. தாயாராக வரும் அஞ்ஜெலிகா ஹ்யூஸ்டனுக்குக் கிடைத்த காட்சிகள் சிலவே. ஞாபக சக்தி இழந்த புருஷன் ஒரு பக்கம், புற்றுநோய் கண்ட பிள்ளை மறு பக்கம் என்று தவிக்கும் அந்த அம்மாள் நம் மனத்தைவிட்டு அகலுவதில்லை.

குறை சொன்னவர்களும் உண்டு. ஆடமின் காதலியைப் படம் பழிவாங்குகிறது என்றார்கள் சிலர். இது நியாயமான குற்றச்சாட்டு என்றே நமக்கும் தோன்றுகிறது. அவள் துரோகம் செய்தாள், சரி. ஆனால் ஆஸ்பத்திரியைக் கண்டு நடுங்கும் ஓர் இளம் பெண்ணின் பயத்தைப் புரிந்துகொள்ள இக்கதைக்குப் பொறுமை இல்லை. நண்பர்கள் இருவரும் அவள் வரைந்த சித்திரத்தைச் சிதைத்துக் கொளுத்தும் இடத்தில் நமக்குச் சிரிப்பு வரவில்லை.

ரோகனின் ஹாஸ்யம் கொச்சையானது என்று முகம் சுளித்தவர்களும் இருந்தார்கள். கொச்சைதான், குழந்தைகளுடன் பார்க்கத் தகுந்த படமன்று. நண்பனின் நோயைச் சொல்லிப் பெண்களின் அநுதாபத்தைச் சம்பாதிக்கப் பார்க்கும் ஆசாமி கைல். ஆனால் ஒரு நாள் ஆடம் அவனுடைய ஸ்நான அறையில் ஒரு புத்தகத்தைக் காண்கிறான். புற்றுநோய் கண்டவருக்குத் துணை நிற்பது எப்படி என்று சொல்லும் புத்தகம். உள்ளே வரிகளின் கீழ்க் கோடு, ஓரங்களில் கைலின் குறிப்புகள். ஆடம் ஒன்றும் பேசாமல் புத்தகத்தை மூடி வைக்கிறான்.