ஒரு பாத்திக்கு மட்டும் மருந்து

தோட்டத்தில் ஒரு பாத்தி மிளகாய்க்கு மட்டும் நோய் கண்டால் நாம் என்ன செய்வோம்? தோட்டம் முழுவதற்கும் மருந்தடிக்காமல் அந்தப் பாத்தியை மட்டும் கவனிப்போம். நுரையீரலுக்குப் பரவிய புற்றுநோய்க்கும் இப்படியொரு வழியை வைத்தியர்கள் நீண்டகாலமாகத் தேடி வருகின்றனர்.

நுரையீரலில் ஏன் தங்குகிறது?

உடலைச் சுற்றி வரும் இரத்தம் இருதயத்தை அடைந்து, ஒட்சிசனைப் பெற நுரையீரலுக்குள் செல்கிறது. அங்குள்ள குழாய்கள் மயிரிலும் மெல்லியவை. எலும்பிலோ மார்பகத்திலோ தோன்றிய புற்றுநோயின் கலங்கள் இரத்தத்தோடு வந்து அங்கே தங்கி வளரக்கூடும். சயரோகம்போல் இது பிறருக்குத் தொற்றாது. ஆகவே நோயாளியின் கோப்பையையும் பாயையும் ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

கட்டிகள் சிலவாயின் சத்திரசிகிச்சையால் அகற்றலாம். ஆனால் கோரையைப் பிடுங்கிய பின்னும் மண்ணில் கிழங்கு கிடப்பதுபோல, கண்ணுக்குத் தெரியாத கலங்கள் எஞ்சிவிடலாம். அவற்றைக் கொல்லும் மருந்தை நாளத்தில் ஏற்றினால் அது உடலெங்கும் பரவுகிறது. மயிர் உதிர்கிறது, இரத்தக் கலங்கள் குறைகின்றன. டொக்சோரூபிசின் என்னும் சிவப்பு மருந்து இருதயத்தையும் பாதிக்கக்கூடியது. ஆதலால் ஒருவருக்கு வாழ்நாளில் கொடுக்கும் அளவுக்கு எல்லை உண்டு.

மடையை அடைக்கும் முறை

1958இல் அமெரிக்காவின் துலேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிரீச் என்ற சத்திரசிகிச்சை நிபுணரும் குழுவினரும், உடலின் ஒரு பகுதியைப் பிரித்து அதற்கு மட்டும் மருந்து செலுத்தும் முறையை வெளியிட்டனர். பிற்காலத்தில் பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பிலும் கனடாவின் ரொறன்ரோவிலும் நுரையீரலுக்கான இம்முறை நோயாளரிடம் பரிசோதிக்கப்பட்டது.

நோயாளியை மயக்கி, நெஞ்சைத் திறந்து, ஒரு நுரையீரலுக்குச் செல்லும் நாடியையும் அதிலிருந்து வரும் நாளங்களையும் தற்காலிகமாக அடைக்கின்றனர். மற்ற நுரையீரல் உயிரைக் காக்கிறது. அடைத்த நுரையீரலினூடாக மருந்து கலந்த திரவத்தை இயந்திரம் சுற்றவிடுகிறது. பின்னர் மருந்தைக் கழுவி அகற்றி, அடைப்பைத் திறக்கின்றனர். இருதயத்துக்கும் ஏனைய உறுப்புகளுக்கும் செல்லும் மருந்து மிகச் சிறிதே.

எனினும் மருந்து கூடினால் அந்த நுரையீரலே புண்படும். இம்முறையால் ஆயுள் நீடிக்கும் என்பது பெரிய பரிசோதனைகளால் இன்னும் உறுதியாகவில்லை. ஆகவே இது இன்றும் ஆராய்ச்சியே, வழமையான சிகிச்சையன்று. இதன் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால், காணியையோ நகையையோ விற்குமுன் கிளினிக் வைத்தியரிடம் கேளுங்கள்.

நாம் செய்யக்கூடியவை

எமது அரசாங்க வைத்தியசாலைகளில் புற்றுநோய்ச் சிகிச்சை இலவசம். மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் இதற்கென வைத்தியசாலைகள் உண்டு. வளரும் பிள்ளைக்கு முழங்காலருகே வீக்கமும் இரவில் நோவும் வாரக்கணக்கில் நீடித்தால், அடிபட்டதென்று எண்ணெய் பூசிக் காலம் கடத்தாது எக்ஸ்றே எடுப்பியுங்கள். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்கு நீங்காத இருமல், மூச்சுத்திணறல், சளியில் இரத்தம் கண்டால் உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

இடம்பெயர்ந்து வாழும் எமக்கு இன்னொன்றும் முக்கியம். கிளினிக் கொப்பியையும் எக்ஸ்றே படங்களையும் பொலித்தீன் பையிலிட்டு அடையாள அட்டைகளோடு வைத்திருங்கள். எந்த ஊருக்குப் போனாலும், முந்திய சிகிச்சை என்ன, எவ்வளவு மருந்து ஏறியது என்பதை அடுத்த வைத்தியர் அதைப் பார்த்தே அறிவார்.